மாத்திரையைப் பிடுங்க வரவில்லை... பேச வந்திருக்கிறேன்!

வருடக்கணக்கில் வலி மாத்திரை சாப்பிடுகிறவர்களை உட்கார வைத்து, ‘இது உங்களுக்கு உண்மையிலேயே உதவுகிறதா?’ என்று கேட்கிறார்கள் இங்கிலாந்தில். கேட்பது டாக்டர் அல்ல... பார்மஸிஸ்ட்!

இங்கிலாந்தில் ஸ்டோக்-ஆன்-ட்ரென்ட் என்றொரு ஊர். பீங்கான் சாமான்களுக்குப் பேர் போனது. அங்கே ஒரு பெண்மணி இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். வயது 62. இளவயதில் பீங்கான் ஃபேக்டரியில் குனிந்து நிமிர்ந்து வேலை பார்த்தவர். 12 வருடங்களுக்கு முன் ஒரு நாள் இடுப்பு பிடித்துக்கொண்டது. டாக்டர் ‘கோ-கோடமால்’ என்ற மாத்திரையை எழுதிக் கொடுத்தார். ‘‘ரெண்டு வாரம் சாப்பிடுங்க, சரியாயிடும்’’ என்றார்.

அந்த இரண்டு வாரம்தான் 12 வருடமாகிவிட்டது!

மாதம் பிறந்தால் கிளினிக்குக்கு ஒரு போன் போட்டால் போதும், மருந்துச் சீட்டு தயாராகிவிடும். டாக்டரைப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. காலையில் ரெண்டு, மதியம் ரெண்டு, சாயங்காலம் ரெண்டு, படுக்கும்போது ரெண்டு. வலி போய்விட்டதா? இல்லை. ஆனால், மாத்திரை இல்லாத ஒரு நாளை நினைத்துப் பார்க்கவே அவருக்குப் பயம்.

இப்படி இருக்கும்போதுதான் கிளினிக்கிலிருந்து ஒரு கடிதம் வருகிறது. ‘உங்கள் வலி மாத்திரைகளைப் பற்றிப் பேச எங்கள் பார்மஸிஸ்ட் உங்களைச் சந்திக்க விரும்புகிறார்.’

படித்ததும் அவருக்கு வயிற்றைக் கலக்குகிறது. ‘போச்சு! மாத்திரையை நிறுத்தப் போறாங்க!’

இந்தப் பெண்மணி கற்பனை. ஆனால், அந்தப் பயம் கற்பனை இல்லை. தீராத வலிக்கு மாத்திரை சாப்பிடுகிற லட்சக்கணக்கானவர்களின் மனசில் இருக்கிற பயம் அது. அந்தப் பயத்தைப் போக்காமல் இந்தப் பிரச்னையைத் தீர்க்க முடியாது என்பதுதான் இங்கிலாந்து மருத்துவர்கள் கற்றுக்கொண்ட பாடம்.

கசகசா தந்த மருந்து

குருமாவுக்கு அரைத்து விடுகிறோமே, கசகசா... அந்தச் செடியின் பச்சைக் காயைக் கீறினால் பால் வடியும். காய்ந்து இறுகிய அந்தப் பால்தான் அபின். (கசகசா விதையைச் சமையலில் சேர்ப்பதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை, பயப்படாதீர்கள்!) அபினிலிருந்து கிடைப்பவை மார்ஃபின், கோடீன். அவற்றைப் போலவே வேலை செய்யும்படி மருந்து கம்பெனிகள் தயாரித்தவை டிரமடால், ஆக்ஸிகோடோன், ஃபென்டனில் போன்றவை. மொத்தக் குடும்பத்துக்கும் ‘ஓபியாய்டு’ என்று பெயர். நம் ஸ்டோக் பெண்மணி சாப்பிடும் கோ-கோடமால், கோடீனும் பாரசிட்டமாலும் சேர்ந்த கூட்டு மாத்திரை.

ஓபியாய்டுகள் கெட்ட மருந்துகளா? நிச்சயமாக இல்லை. ஆபரேஷன் முடிந்த முதல் சில நாட்கள், விபத்தில் எலும்பு முறிவு, புற்றுநோயின் கொடிய வலி... இங்கெல்லாம் இவை வரப்பிரசாதம். சிக்கல் வருவது, மாதக்கணக்கில், வருடக்கணக்கில் இழுத்துக்கொண்டே போகும் முதுகுவலி, மூட்டுவலிகளுக்கு இவற்றைத் தொடர்ந்து சாப்பிடும்போதுதான்.

2018-ம் ஆண்டு அமெரிக்காவில் ஒரு முக்கியமான ஆய்வு வெளியானது. நாள்பட்ட முதுகுவலி அல்லது இடுப்பு, முழங்கால் மூட்டுத் தேய்மானத்தால் அவதிப்பட்ட 240 முன்னாள் ராணுவத்தினரை இரண்டு குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு ஓபியாய்டு. இன்னொரு குழுவுக்கு பாரசிட்டமால் போன்ற வேறு வலி மருந்துகள். ஒரு வருடம் கழித்துப் பார்த்தால்... அன்றாட வேலைகளைச் செய்யும் திறனில் இரண்டு குழுவுக்கும் வித்தியாசமே இல்லை! வலியின் கடுமையோ, ஓபியாய்டு சாப்பிடாதவர்களுக்குத்தான் சற்றுக் குறைவாக இருந்தது.

ஆனால், நடைமுறை என்ன? இங்கிலாந்து அரசின் பொது சுகாதாரத் துறை 2019-ல் வெளியிட்ட கணக்குப்படி, 2017-18 ஆண்டில் மட்டும் அந்த நாட்டில் 56 லட்சம் பேருக்கு ஓபியாய்டு மருந்து எழுதிக் கொடுக்கப்பட்டிருக்கிறது. வயது வந்தவர்களில் 100-க்கு 13 பேர்!

மாத்திரை ஆடும் கண்ணாமூச்சி

‘‘அதெல்லாம் இருக்கட்டும். எனக்கு மாத்திரை கேட்குதே! ஒரு வேளை போடாம விட்டா உயிர் போற மாதிரி வலிக்குது. போட்டா அடங்குது. அப்ப அது வேலை செய்யுதுன்னுதானே அர்த்தம்?’’

நியாயமான கேள்வி. விடை கொஞ்சம் அதிர்ச்சியானது.

ஓபியாய்டுக்கு உடம்பு சீக்கிரம் பழகிவிடும். முதல் மாதம் ஒரு மாத்திரை தந்த சுகத்தை அடுத்த வருடம் இரண்டு மாத்திரைதான் தரும். இது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், மருந்து இல்லாமல் இருக்க உடம்பு மறந்துபோகிறது. நேரம் தவறினால் வியர்வை, மூக்கில் நீர், வயிற்றுப்போக்கு, தூக்கமின்மை, உடம்பெல்லாம் குத்தல், குடைச்சல் என்று ஆரம்பித்துவிடும். பழைய வலியும் அதோடு சேர்ந்து தலைதூக்கும். மாத்திரையை விழுங்கினதும் எல்லாம் அடங்கும்.

அதாவது, மாத்திரை அடக்குவது இடுப்பு வலியையா, அல்லது மாத்திரை இல்லாததால் வந்த வேதனையையா? சாப்பிடுகிறவரால் பிரித்துப் பார்க்கவே முடியாது! சிலருக்கு நீண்டகால ஓபியாய்டு வலி உணர்வையே கூர்மையாக்கி, லேசான வலியையும் பெரிதாகக் காட்டுவதும் உண்டு.

இது அந்த மனிதரின் பலவீனம் அல்ல. ‘அடிமை’ என்று முத்திரை குத்துவது பெரிய தவறு. டாக்டர் எழுதிக் கொடுத்ததைச் சொன்னபடி சாப்பிட்டவர்தான் அவர். உடம்பு தன் இயல்பைக் காட்டியிருக்கிறது, அவ்வளவுதான்.

ஏன் பார்மஸிஸ்ட்?

பார்மஸிஸ்ட் என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது, மெடிக்கல் ஷாப்பில் சீட்டை வாங்கிப் பார்த்துவிட்டு அலமாரியில் மருந்து தேடுகிறவர்தான். இங்கிலாந்தில் கதை வேறு. 2015-லிருந்து அங்கே குடும்ப டாக்டர்களின் கிளினிக்குகளிலேயே பார்மஸிஸ்ட்டுகளை நியமிக்கத் தொடங்கினார்கள். தனிப் பயிற்சி பெற்ற பார்மஸிஸ்ட், டாக்டரைப் போலவே மருந்து எழுதிக் கொடுக்கவும் அங்கே 2006 முதல் சட்டத்தில் இடமிருக்கிறது. 2020 அக்டோபர் முதல், பல மருந்துகள் சாப்பிடுகிறவர்களையும், பழக்கமாகிவிடக்கூடிய மருந்துகள் சாப்பிடுகிறவர்களையும் அழைத்து முழுமையான ‘மருந்து ரிவ்யூ’ செய்வது அங்கே பார்மஸிஸ்ட்டின் முக்கியமான வேலைகளில் ஒன்று.

அங்கே குடும்ப டாக்டர் ஒரு நோயாளிக்கு ஒதுக்குவது சுமார் 10 நிமிடம். அதற்குள் 12 வருட வலிக் கதையைக் கேட்பதெங்கே? மாத்திரையை அலசுவதெங்கே? ‘அதே மாத்திரையைத் தொடருங்கள்’ என்று கையெழுத்துப் போடுவதுதான் சுலபம். பார்மஸிஸ்ட்டோ அரை மணி நேரம் ஒதுக்குகிறார். எந்த மருந்து எதோடு மோதும், எதை எப்படிக் குறைக்கலாம் என்பதே அவர் படித்த படிப்பு.

இது பலன் தருமா என்று பார்க்க, ஸ்காட்லாந்திலும் இங்கிலாந்தின் கிழக்குப் பகுதியிலும் 6 கிளினிக்குகளில் ஒரு முன்னோட்ட ஆய்வு நடந்தது. நாள்பட்ட வலி உள்ள 196 பேர். 2013-ல் முடிவு வெளியானது. பார்மஸிஸ்ட் கவனித்த குழுக்களில் ஆரம்பத்தில் இருந்ததைவிட வலி நிலை தேறியிருந்தது. சிறிய ஆய்வுதான், இதை வைத்துத் தீர்ப்பு எழுதிவிட முடியாது. ஆனால், ‘இன்னும் பெரிதாகச் செய்து பார்க்கலாம்’ என்ற நம்பிக்கையைக் கொடுத்தது.

கீல் பல்கலைக்கழகத்தின் கேள்வி

நம் பெண்மணியின் ஊருக்குப் பக்கத்திலேயே இருக்கிறது கீல் பல்கலைக்கழகம். அங்குள்ள ஆராய்ச்சியாளர்கள் ‘ப்ராம்ப்ட்’ என்ற பெரிய ஆராய்ச்சித் திட்டத்தை எடுத்தார்கள். புற்றுநோய் அல்லாத நாள்பட்ட வலிக்கு நீண்டகாலமாக ஓபியாய்டு சாப்பிடுகிறவர்களை, கிளினிக் பார்மஸிஸ்ட்டே முன்வந்து கூப்பிட்டு ரிவ்யூ செய்வதுதான் திட்டத்தின் மையம். நோயாளி புகார் சொல்லிக்கொண்டு வரும்வரை காத்திருப்பதில்லை.

இந்தத் திட்டத்தில் பாராட்ட வேண்டிய விஷயம், ரிவ்யூ எப்படி இருக்க வேண்டும் என்பதை ஆராய்ச்சியாளர்கள் மட்டும் அறையில் உட்கார்ந்து முடிவு செய்யவில்லை. வலியோடு வாழ்கிறவர்களையும், பார்மஸிஸ்ட்டுகளையும், டாக்டர்களையும் முதலில் கேட்டார்கள். பிறகே பரிசோதனை.

பரிசோதனையிலும் ஒரு நுணுக்கம் உண்டு. சீட்டுக் குலுக்கிப் பிரித்தது நோயாளிகளை அல்ல, கிளினிக்குகளை! ஏன்? ஒரே கிளினிக்கில் பாதிப் பேருக்குப் புது முறை, பாதிப் பேருக்குப் பழைய முறை என்றால், பயிற்சி பெற்ற பார்மஸிஸ்ட் தன்னை அறியாமலே எல்லோரையும் புது முறையில் கவனிக்க ஆரம்பித்துவிடுவார். அப்புறம் எதை எதோடு ஒப்பிடுவது?

ஆய்வின் மையக் கேள்விகள் இரண்டு. ஒன்று, ஓபியாய்டின் அளவு குறைகிறதா? இரண்டு, அதனால் வலியின் தொல்லை கூடாமல் இருக்கிறதா? இரண்டாவது கேள்வியைக் கவனியுங்கள். மாத்திரையைக் குறைத்துவிட்டு மனிதரைப் படுக்கையில் தள்ளினால் அது வெற்றியே அல்ல என்று தொடக்கத்திலேயே ஒப்புக்கொண்ட நேர்மை அதில் இருக்கிறது.

அந்த அரை மணி நேரம்

சரி, நம் பெண்மணி நடுக்கத்தோடு கிளினிக்குக்குப் போகிறார். நல்ல ரிவ்யூ என்றால் பேச்சு எப்படி நடக்கும்?

முதல் வார்த்தையே அவருக்கு ஆறுதலாக இருக்க வேண்டும். ‘‘உங்க மாத்திரையைப் பிடுங்க நான் வரலைங்க. உங்க வலியைப் பத்திப் பேசத்தான் கூப்பிட்டேன். நீங்க சம்மதிக்காம எதையும் மாத்த மாட்டேன்.’’

அடுத்து, ‘எத்தனை மாத்திரை?’ என்ற கேள்வி அல்ல. ‘‘வலியினால உங்களால செய்ய முடியாமப் போனது எது?’’ என்ற கேள்வி. கடைக்கு நடந்து போவதா, தோட்ட வேலையா, பேரக்குழந்தையைத் தூக்குவதா? மாத்திரை போட்ட பிறகு அது முடிகிறதா? இல்லையென்றால் அந்த மாத்திரை என்னதான் செய்துகொண்டிருக்கிறது?

பிறகு பக்கவிளைவுகள். பலர் வெட்கப்பட்டுச் சொல்லாத மலச்சிக்கல், பகலெல்லாம் தூக்கக் கலக்கம், தலைசுற்றிக் கீழே விழுவது, ஞாபகக் குறைவு, ஆண்களுக்கு ஹார்மோன் குறைந்து தாம்பத்தியத்தில் நாட்டமின்மை. ‘வயசானதால்தான்’ என்று நினைத்துக்கொண்டிருந்த பல தொல்லைகள் மாத்திரையின் கைங்கரியமாக இருக்கும்!

அப்புறம் பையைக் கொட்டிக் கணக்குப் பார்ப்பது. பெண்மணி சாப்பிடும் 8 மாத்திரையில் மாத்திரைக்கு 30 மில்லிகிராம் வீதம் 240 மில்லிகிராம் கோடீன். மார்ஃபின் கணக்கில் சொன்னால் சுமார் 24 மில்லிகிராம். ஒரு நாளைக்கு 120 மில்லிகிராம் மார்ஃபினுக்குச் சமமான அளவைத் தாண்டினால் ஆபத்துதான் கூடும், பலன் கூடாது என்பது பிரிட்டன் வலி மருத்துவர்களின் எச்சரிக்கை. அந்தக் கோட்டுக்கு இவர் வெகு கீழேதான். நிம்மதி!

ஆனால், இன்னொன்று கண்ணில் படுகிறது. அதே 8 மாத்திரையில் மாத்திரைக்கு 500 வீதம் 4,000 மில்லிகிராம் பாரசிட்டமாலும் உள்ளே போகிறது. ஒரு நாளைக்கு அதுதான் உச்ச வரம்பு. பெண்மணியோ தலைவலி வந்தால் கடையில் தனியாக பாரசிட்டமால் வாங்கி மேற்கொண்டு இரண்டு போட்டுக்கொள்கிறார். கல்லீரலுக்கு ஆபத்து! 12 வருடமாக யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

மது, தூக்க மாத்திரை, நரம்பு வலிக்குத் தரும் கேபாபென்டின், பிரிகாபலின்... இவற்றோடு ஓபியாய்டு சேர்ந்தால் மூச்சே மந்தமாகிவிடும் அபாயம் உண்டு. அதையும் பார்மஸிஸ்ட் கேட்டாக வேண்டும்.

சட்டென்று நிறுத்தலாமா?

கூடவே கூடாது! இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு வரியை மனசில் வைத்துக்கொள்வதானால் இதை வைத்துக்கொள்ளுங்கள்.

திடீரென்று நிறுத்தினாலோ, வேகமாகக் குறைத்தாலோ என்ன ஆகும் என்பதை அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2019-ல் எச்சரித்தது. கடுமையான உடல் வேதனை, கட்டுக்கடங்காத வலி, மன உளைச்சல், தற்கொலை எண்ணம் வரை போயிருக்கிறது. மருந்தைக் கண்மூடித்தனமாக எழுதியது ஒரு தவறு என்றால், கண்மூடித்தனமாகப் பிடுங்குவது இன்னொரு தவறு.

குறைப்பது படிப்படியாகத்தான். அளவில் சுமார் பத்தில் ஒரு பங்கு குறைத்து, ஒன்றிரண்டு வாரம் பொறுத்துப் பார்த்து, பிறகு அடுத்த படி. வருடக்கணக்கில் சாப்பிட்டவர்களுக்கு ஒரு படிக்கு ஒரு மாதம்கூட ஆகலாம். சிரமமாக இருந்தால் அதே படியில் நின்றுகொள்ளலாம். குறைத்தே ஆக வேண்டும் என்ற கட்டாயமும் எல்லோருக்கும் இல்லை. மருந்தால் ஒருவர் நன்றாக நடமாடுகிறார், தொல்லை எதுவும் இல்லை என்றால் தொடர்வதும் ஒரு முடிவுதான்.

குறைத்த இடத்தில் என்ன வைப்பது? உடம்புக்குத் தகுந்த உடற்பயிற்சி, வலியைச் சமாளிக்க மனநல ஆலோசனை, தூக்கத்தைச் சீராக்குவது. வலிக்குத் தனியாக ஒரு காரணம் பிடிபடாத நாள்பட்ட வலிக்காரர்களுக்கு ஓபியாய்டைத் தொடங்கவே வேண்டாம், இவற்றைப் பாருங்கள் என்று 2021-லேயே சொல்லிவிட்டது இங்கிலாந்தின் ‘நைஸ்’ அமைப்பு.

துணை இருந்தால் முடியுமா? முடியும் என்கிறது வார்விக் பல்கலைக்கழகம் நடத்தி 2023-ல் வெளியான ஆய்வு. இது பார்மஸிஸ்ட் முறை அல்ல. குழுவாகக் கூடிப் பேசுவதும், நர்ஸின் தனி ஆலோசனையும் சேர்ந்த முறை. 608 பேர் கலந்துகொண்டார்கள். ஒரு வருடம் கழித்து, துணை கிடைத்தவர்களில் 100-க்கு 29 பேர் ஓபியாய்டை முழுவதும் விட்டிருந்தார்கள். வழக்கமான சிகிச்சையில் 100-க்கு 7 பேர்தான். வலியின் தொல்லையோ இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒன்றுதான். அதாவது மாத்திரை போனதால் வலி கூடிவிடவில்லை!

நம்ம ஊருக்கு என்ன?

‘இது வெள்ளைக்காரன் ஊர்க் கதை’ என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். டிரமடாலும், டிரமடால்-பாரசிட்டமால் கூட்டு மாத்திரையும் இங்கேயும் உண்டு. 2018 ஏப்ரலில் டிரமடாலை நம் நாட்டு போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் கீழ் கொண்டுவந்தார்கள். பழைய சீட்டைக் காட்டி ‘அதே மாத்திரை ஒரு அட்டை குடுங்க’ என்று கேட்பது சட்டப்படியும் தவறு, உடம்புக்கும் தவறு.

இன்னொன்று. வீட்டில் புற்றுநோயாளி இருந்தால் இதைப் படித்துவிட்டு மார்ஃபினுக்குப் பயப்படாதீர்கள். டாக்டர் சொன்ன அளவில் அது அவருக்கு அவசியமான மருந்து. இந்தக் கட்டுரை அவருக்கானது அல்ல.

மற்றபடி வீட்டில் யாராவது மூன்று மாதத்துக்கு மேல் வலி மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தால், அடுத்த முறை டாக்டரைப் பார்க்கப் போகும்போது எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். இந்த ஐந்தையும் கேளுங்கள்:

1. இந்த மாத்திரையில் ஓபியாய்டு இருக்கிறதா?

2. இதை எதற்காக ஆரம்பித்தோம்? அந்தக் காரணம் இன்னும் இருக்கிறதா?

3. என் மற்ற மருந்துகளோடு இது சேருமா?

4. எனக்கு இருக்கும் மலச்சிக்கல், மயக்கம், தூக்கக் கலக்கம் இதனால்தானா?

5. குறைக்கலாம் என்றால், எவ்வளவு, எத்தனை நாளைக்கு ஒரு முறை? இடையில் கஷ்டப்பட்டால் யாரைக் கூப்பிடுவது?

கடைசிக் கேள்விக்குப் பதில் கிடைக்காமல் ஒரு மாத்திரைகூடக் குறைக்காதீர்கள்!

நம் ஸ்டோக் பெண்மணி என்ன ஆனார்? அரை மணி நேரம் கழித்து வெளியே வந்தார். மாத்திரை டப்பா கைப்பையிலேயேதான் இருந்தது. தனியாக வாங்கும் பாரசிட்டமாலை மட்டும் அன்றைக்கே நிறுத்துவதாக ஒப்புக்கொண்டார். மதிய மாத்திரை இரண்டை ஒன்றாக்கிப் பார்க்கலாமா என்பதை யோசித்துச் சொல்வதாகச் சொன்னார். ‘‘அவசரமே இல்லைங்க, ரெண்டு வாரம் கழிச்சு நானே போன் பண்றேன்’’ என்றார் பார்மஸிஸ்ட்.

வாசலில் நின்று அவர் நினைத்துக்கொண்டது இதுதான்: ‘12 வருஷத்துல இன்னிக்குத்தான் ஒருத்தர் என் வலி எப்படி இருக்குன்னு கேட்டிருக்கார்!’